பேலட் கட்டையில் இரண்டு எழுத்து

போன தை மாதம் மண்புழு உரத்தொட்டிக்குத் தடுப்பு அடிக்க, ஒரகடம் பக்கம் ஒரு காயலான் கடையில் பழைய பேலட் கட்டைகள் முப்பது வாங்கினேன். கார் தொழிற்சாலைகள் வந்த பிறகு நம் பகுதியில் இவை சல்லிசாகக் கிடைக்கின்றன. ஆட்டுக் கொட்டகைக்குத் தரை, கோழிக்கூண்டு, மிஞ்சியது அடுப்புக்கு.

இறக்கும்போதுதான் பக்கவாட்டில் முத்திரையைப் பார்த்தேன். கோதுமைக் கதிர் படம், நாட்டுக் குறியீடு, ஓர் எண், கடைசியில் ஆங்கிலத்தில் இரண்டு எழுத்து. சிலவற்றில் ஹெச்.டி., சிலவற்றில் எம்.பி. "எதுவா இருந்தா என்ன சார், கட்டை கட்டைதானே" என்றார் ஆசாரி.

மரத்தோடு வண்டும் நூற்புழுவும் நாடு விட்டு நாடு போகாமலிருக்க 2002-இல் வந்த சர்வதேச விதி அது. ஹெச்.டி. என்றால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் வைத்தது. எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு வாயுவில் மூடி வைத்தது.

நாற்பது வருஷத்துக்கு முன் பி.எஸ்ஸி. வேதியியலில் ஆல்கைல் ஹாலைடு பாடத்தை மார்க்குக்காகப் படித்தவன் நான். ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன், ஒரு புரோமின். புரோமின் சுலபமாகக் கழன்றுகொள்ளும். மிச்சமிருக்கும் மெத்தில், பக்கத்திலுள்ள கந்தகத்திலோ நைட்ரஜனிலோ போய் ஒட்டிக்கொள்ளும். இதற்குப் பெயர்தான் ஆல்கைலேற்றம். மருந்தும் சாயமும் செய்ய இதே வினை உதவுகிறது. உயிருள்ள உடம்புக்குள் புரதத்திலுள்ள கந்தகத்தில் ஒட்டினால், அந்த நொதி முடங்கிவிடும். வண்டா, மண்புழுவா, மனுஷனா என்று அது பார்ப்பதில்லை. நிறமும் கிடையாது, வாசனையும் அநேகமாகக் கிடையாது.

கலிபோர்னியாவில் ஸ்ட்ராபெரி வயல்களில் பிளாஸ்டிக் விரித்து, மண்ணுக்குள்ளேயே இதைச் செலுத்தினார்கள். நூற்புழு, பூஞ்சை, களை விதை எல்லாம் காலி. நாம் சாணமும் வெல்லமும் கரைத்து ஊற்றி வளர்ப்பதை அங்கே காசு கொடுத்துக் கொன்றார்கள். ஓசோன் படலத்தையும் இது அரிப்பதால், மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி வளர்ந்த நாடுகள் 2005-க்குள்ளும் நம்மைப் போன்றவை 2015-க்குள்ளும் கைவிட வேண்டியிருந்தது. ஆனால் ஏற்றுமதி, இறக்குமதிச் சரக்கின் பூச்சித் தடுப்புக்கு மட்டும் விலக்கு. அந்த விலக்கு வழியாகத்தான் எம்.பி. என் தோட்டம் வரை வந்திருக்கிறது.

பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. இந்த வாயு 4 டிகிரிக்குக் கீழேயே கொதித்துவிடும். பழைய கட்டையிலிருந்து பெரும்பாலும் காற்றோடு போயிருக்கும்; மரத்தோடு வினைபுரிந்த பங்கு புரோமைடாகத் தங்கியிருக்கும். அது கொஞ்சம்தான். ஆனால் வங்கியில் இருந்தபோது, பத்திரத்தில் சின்ன வில்லங்கம் இருந்தாலும் நாங்கள் கடன் கொடுத்ததில்லை. மண்புழுவுக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்?

ஹெச்.டி. கட்டைகளை மட்டும் வைத்துக்கொண்டேன். முத்திரையே இல்லாததும் எண்ணெய்க் கறை படிந்ததும் வேண்டாம் என்று ஒதுக்கினேன். எம்.பி. பதினொன்றைக் கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே மாற்றிக் கொடுத்தார். நான் கிளம்புவதற்குள் அதே பதினொன்றை ஓர் அம்மா விறகுக்கு விலை பேச ஆரம்பித்துவிட்டார். வண்டியை நிறுத்தி இறங்கி, "இத அடுப்புல வைக்காதீங்கம்மா" என்று முத்திரையைக் காட்டினேன். அவர் என்னையும் கடைக்காரரையும் மாறி மாறிப் பார்த்தார்.