ஹாலில் ‘டியூப் லைட்’, அடுப்படியில் அழுது வடியும் பல்பு! குறைந்த செலவில் இருட்டை விரட்ட வழி

தர்மபுரி,

“ஸ்டவ் வெடித்து இளம்பெண் கருகினார்!”

“சேலையில் தீப்பிடித்து தாய் பலி!”

“விறகு எடுக்கப் போனவரை பாம்பு கடித்தது!”

மாலைப் பத்திரிகை படிப்பவர்களுக்கு இவை பழகிப்போன தலைப்புகள். மூன்றிலும் சம்பவம் நடக்கும் இடம் ஒன்றுதான். சமையல் அறை!

இந்தச் சம்பவங்களில் பல தடவை கூட்டாளியாக இருக்கும் ஒரு ஆசாமியின் பெயர் மட்டும் போலீஸ் எப்.ஐ.ஆரில் ஏறுவதே இல்லை. அந்த ஆசாமியின் பெயர் இருட்டு.

அவனை வீட்டை விட்டு விரட்ட ஆயிரக்கணக்கில் பணம் வேண்டாம். சுண்ணாம்பு, ஒரு கண்ணாடி ஓடு, ஒரு பல்பு போதும். விவரம் வருமாறு:-

கடைசி மரியாதை

புது பல்பு வாங்கினால் அது முதலில் ஹாலுக்குப் போகும். அங்கே மங்கிப் போன பழைய பல்பு அடுப்படிக்கு வரும்.

பொங்கலுக்கு வெள்ளையடித்தால் வாசல் சுவருக்கு முதல் மரியாதை. டிரம்மில் மிஞ்சிய அடி மண்டி அடுப்படிக்கு. பாலக்கோடு, பென்னாகரம், அரூர் என்று எந்தப் பக்கம் போனாலும் பல வீடுகளில் இதே கதைதான்.

டி.வி. பார்க்க வெளிச்சம் தேவை இல்லை. கொதிக்கிற எண்ணெயில் வடை தட்டிப் போட வெளிச்சம் தேவை. ஆனால் நடப்பது தலைகீழ்!

“ஏங்க, அடுப்புகிட்ட ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது. வரும்போது ஒரு பல்பு வாங்கிட்டு வாங்க” என்று மனைவி கேட்டால், “இத்தனை நாளா எப்படி சமைச்சே?” என்று பதில் வரும்.

அப்படிப் பதில் சொல்லும் புண்ணியவான் ஒரே ஒரு நாள் சாயங்காலம் ஏழு மணிக்கு அங்கே நின்று வெங்காயம் நறுக்கிப் பார்க்க வேண்டும். விரல் தப்பினால் அதிர்ஷ்டம்!

களியும் கரியும்

தர்மபுரி மாவட்டம் கேழ்வரகுக்குப் பேர் போனது. களி கிண்டுவது விளையாட்டு வேலை அல்ல. பெரிய பானையை இறுக்கிப் பிடித்து, துடுப்பால் பலம் கொண்ட மட்டும் கிண்ட வேண்டும். லேசான கியாஸ் அடுப்பு அதற்கு ஆட்டம் காணும்.

அதனால் வீட்டில் சிலிண்டர் இருந்தாலும் களிக்கும், குளிக்க வெந்நீருக்கும் விறகு அடுப்பு மூலையில் உட்கார்ந்திருக்கிறது.

2006-ல் பதவிக்கு வந்த தி.மு.க. அரசு ஏழைக் குடும்பங்களுக்கு இலவச கியாஸ் அடுப்பு கொடுத்தது. 2016 மே 1-ந்தேதி மத்திய அரசின் ‘உஜ்வலா’ திட்டம் வந்தது. அடுப்பு வீட்டுக்கு வந்து விட்டது. ஆனால் சிலிண்டர் தீர்ந்த மறுநாள் விலையைக் கேட்டதும் பலருக்கு விறகு ஞாபகம் வந்து விடுகிறது.

விறகு எரிந்தால் புகை. புகை படிந்தால் கரி. கரி படிந்த சுவர், விழுகிற வெளிச்சத்தை அப்படியே விழுங்கி விடும். அந்த அறையில் எத்தனை பல்பு போட்டாலும் கிணற்றில் போட்ட கல்தான்!

புகை கண்ணை மட்டும் கரிக்கவில்லை. வீட்டுக்குள் எழும் அடுப்புப் புகை போன்றவற்றால் 2020-ல் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 32 லட்சம் பேர் உயிர் இழந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் 2 லட்சத்து 37 ஆயிரத்துக்கும் அதிகமானவர்கள் 5 வயது நிரம்பாத பிஞ்சுகள்.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் அல்ல. ஐதராபாத்தில் எஸ்.பி.ராஜு என்ற என்ஜினீயர், ஏழைகளுக்குப் புகை இல்லாத சமையல் அறை வேண்டும் என்று 1953-லேயே ஒரு புத்தகம் எழுதினார். அது வெளியானது சென்னையில்! புகை போக்கி வைத்த மண் அடுப்பு கட்டும் முறையை அதில் அவர் விளக்கி இருந்தார்.

முதலில் கரி, பிறகு சுண்ணாம்பு

இருட்டை விரட்டும் வேலையில் முதல் படிக்குக் காசே வேண்டாம். உடம்பு உழைப்பு போதும்.

பலர் செய்யும் தவறு, கரியின் மேலேயே சுண்ணாம்பு அடிப்பது. எண்ணெய்ப் பிசுக்கும் கரியும் கலந்த சுவரில் சுண்ணாம்பு பிடிக்காது. பிடித்தாலும் இரண்டே வாரத்தில் பழுப்புக் கறை மேலே வந்து பல்லைக் காட்டும்.

முதலில் பாத்திரம், பண்டங்களை வெளியே எடுத்து விட்டு, தென்னந் துடைப்பத்தால் ஒட்டடையையும் கரியையும் காய்ந்தபடியே தட்ட வேண்டும். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக் கொள்வது நல்லது. பிறகு வெந்நீரில் சலவை சோடா கரைத்துத் தேய்த்துக் கழுவி, ஒரு நாள் காய விட வேண்டும்.

கல் சுண்ணாம்பை முதல் நாள் ராத்திரியே ஊற வைக்க வேண்டும். தண்ணீர் பட்டதும் அது கொதித்துப் பொங்கும். பிளாஸ்டிக் பக்கெட் தாங்காது. இரும்பு டிரம்மோ மண் தொட்டியோதான் சரி.

குழந்தைகள் ஜாக்கிரதை! சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் பார்வையே போய் விடும். தெறித்து விட்டால் நிறைய தண்ணீர் விட்டுக் கழுவிக் கொண்டே இருந்து, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

மறுநாள் சுண்ணாம்பைத் துணியில் வடிகட்டி, கொஞ்சம் நீலமும், ஒட்டுவதற்கு வஜ்ஜிரமோ சோற்றுக் கஞ்சியோ சேர்த்து, சுவரை நனைத்து விட்டு அடிக்க வேண்டும். ஈரத்தில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. “அடிச்சது வீண்” என்று கெட்டியாக அப்பி விடக் கூடாது. காய்ந்த பிறகுதான் வெள்ளை தெரியும். மெல்லிசாக இரண்டு, மூன்று தடவை அடித்தால் பளிச்!

சுவரோடு கூரையின் உள்பக்கத்தையும் அடிக்க வேண்டும். வெள்ளைச் சுவர், விழுகிற வெளிச்சத்தில் பாதிக்கு மேல் திருப்பி அனுப்பும். பல்பு ஒன்றுதான், வெளிச்சம் இரண்டு பல்புக்கு!

அடுப்புக்குப் பின்னால் இரண்டு அடி உயரத்துக்கு மட்டும் சுண்ணாம்பு சரிப்படாது. அங்கே வெளிர் நிற டைல்ஸ் ஒட்டலாம். டைல்ஸ் கடைகளில் மிஞ்சிப் போன துண்டுகளைக் கேட்டால் குறைந்த விலைக்குத் தருவார்கள். ஒன்றுக்கொன்று டிசைன் பொருந்தாவிட்டால் என்ன? சோறு கேட்கப் போவதில்லை!

வானத்து விளக்கு

பகலிலும் லைட் போட்டுச் சமைக்கும் வீடுகள் உண்டு. தலைக்கு மேலே சூரியன் சும்மா எரிந்து கொண்டிருக்கிறது!

ஓட்டு வீடு என்றால் ஒரே ஒரு ஓட்டை எடுத்து விட்டு, அதே அளவில் கண்ணாடி ஓடு போடலாம். சீமை ஓட்டுக்குப் பொருந்தும் கண்ணாடி ஓடுகள் கடையில் கிடைக்கின்றன. அடுப்புக்கு நேர் மேலே போட்டால் கரி படிந்து மூடி விடும். காய் நறுக்கும் இடத்துக்கு மேலே போடுவது புத்திசாலித்தனம். வருடத்துக்கு ஒரு முறை துடைத்தால் போதும்.

ஷீட் கூரை என்றால் ஒளி புகும் ‘பைபர் ஷீட்’ ஒன்று போடலாம். ஆனால் சிமெண்டு ஷீட் மேலே கால் வைத்து ஏறக் கூடாது. உடைந்து கீழே விழுந்தால் மறுநாள் பத்திரிகையில் செய்தி!

பிரேசில் நாட்டு மெக்கானிக் ஆல்பிரடோ மோசர் 2002-ல் ஒரு வேலை செய்தார். இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, பாசி பிடிக்காமல் இருக்க கொஞ்சம் பிளீச்சிங் திரவம் ஊற்றி, கூரை ஓட்டையில் பாதி வெளியே, பாதி உள்ளே தெரியும்படி பொருத்தினார். நல்ல வெயிலில் அது 40 முதல் 60 வாட் பல்பு அளவுக்கு ஒளி கொடுத்தது. பிலிப்பைன்ஸ் உள்பட பல நாட்டு ஏழைக் குடியிருப்புகளுக்கு அது பரவியது. கரண்டு பில் பூஜ்யம்!

புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்கு இன்னொரு செய்தி. சமையல் அறைக்கு குறைந்தது ஒரு சதுர மீட்டர் ஜன்னல் வேண்டும் என்கிறது தேசிய கட்டிட விதித் தொகுப்பு. ஏறக்குறைய மூன்றேகால் அடி நீளம், மூன்றேகால் அடி அகலம். அந்த ஜன்னலை மூட்டை அடுக்கி மறைத்து விட்டால் விதி இருந்து என்ன பயன்?

பல்பு எங்கே?

ராத்திரி சமையலுக்கு 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்று போதும். பழைய 60 வாட் குண்டு பல்பை விட ஒளி அதிகம்.

2014-ல் மத்திய அரசு நிறுவனம் மொத்தமாக வாங்கியபோது ஒரு எல்.இ.டி. பல்புக்கு 310 ரூபாய் கொடுத்தது. 2015 ஜனவரியில் ‘உஜாலா’ திட்டம் வந்து கோடிக்கணக்கில் வாங்கியதும், 2016-ல் அந்த விலை 38 ரூபாய்க்கு இறங்கியது. இன்று சில்லறைக் கடையில் நூறு ரூபாய் நோட்டோடு போனால் ஒரு பல்பு வாங்கி விடலாம்.

கரண்டு கணக்கு இதோ. தினமும் 5 மணி நேரம் எரிந்தால், குண்டு பல்புக்கு இரண்டு மாதத்துக்கு 18 யூனிட். எல்.இ.டி. பல்புக்கு மூன்று யூனிட்கூட ஆகாது. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது 2016-ல் அமலுக்கு வந்தது.

பல்பை மாட்டும் இடம்தான் முக்கியம். அறையின் நடுவில் மாட்டினால் சமைப்பவரின் முதுகில் வெளிச்சம் விழும்; அவர் நிழல் அடுப்பில் விழும். அடுப்புக்கு முன்புறச் சுவரில், கொஞ்சம் பக்கவாட்டில், நெருப்பும் நீராவியும் எட்டாத உயரத்தில் மாட்ட வேண்டும். நிழல் பின்னால் ஓடி விடும்.

அரசாங்கத்துக்கே இந்த யோசனை வந்தது. 2011-ல் ஜெயலலிதா அரசு தொடங்கிய சூரிய ஒளி பசுமை வீடுகள் திட்டத்தில் 300 சதுர அடி வீட்டுக்கு ஐந்து விளக்குகள். அதில் ஒன்று சமையல் அறைக்கு!

வாடகை வீட்டுக்காரருக்கு

“சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது” என்று சொல்லும் வீட்டுக்காரரிடம் கண்ணாடி ஓடு பற்றிப் பேச முடியாது. அவர்களுக்கும் வழி உண்டு. கரியைக் கழுவுவதற்கு அனுமதி வேண்டாம். அலமாரிப் பலகையில் வெளிர் நிறத் தாள் விரிக்கலாம். ஜன்னல் கம்பியில் தொங்கும் பைகளைக் கழற்றலாம்.

ஹாலில் இருந்து ஒயர் இழுத்து, டேப் சுற்றி, அடுப்புக்கு மேலே பல்பு தொங்க விடுவது மட்டும் வேண்டாம். இருக்கிற ஹோல்டரிலேயே நல்ல பல்பு மாட்டலாம். புது இணைப்பு தேவை என்றால் எலக்ட்ரீஷியன் கூலியில் கஞ்சத்தனம் கூடாது.

உயிர் காக்கும் நாலு வார்த்தை

கியாஸ் வாடை வந்தால் லைட் சுவிட்சைத் தொடவே கூடாது. போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. சின்னப் பொறி போதும், வீடு பற்றிக் கொள்ள. ரெகுலேட்டரை மூடி, கதவு, ஜன்னலைத் திறந்து வைத்து, வெளியே வந்து 1906-க்கு போன் செய்ய வேண்டும்.

தீக்காயம் பட்டால் பேனா மை, பற்பசை, மாவு எதுவும் தடவக் கூடாது. குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டி விட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அவசரத்துக்கு 108.

விறகுக் கட்டை அடுப்படி மூலையில் குவித்து வைக்கக் கூடாது. தேளும் விரியனும் தேடுவது அந்த இருட்டைத்தான். வெளியே, தரையில் படாமல் அடுக்கி வைக்கலாம்.

கேள்வி ஒன்று

இன்று சாயங்காலம் வீடு திரும்புகிறவர்கள் பஸ்சை விட்டு இறங்கியதும் கடைத்தெருவைத் தாண்டித்தான் போவார்கள். எலக்ட்ரிக் கடை திறந்திருக்கும்.

பல்பை வாங்கி வீட்டுக்குப் போய் யாரிடமும் கேட்க வேண்டாம். நேராக அடுப்படிக்குப் போய் மாட்டி விட்டு சுவிட்சைப் போட்டால் போதும். இத்தனை வருடம் அந்த அறையில் எதைப் பார்க்காமல் இருந்தோம் என்பது அந்த வெளிச்சத்தில் தெரிந்து விடும்!