சேமலாப நிதியும் தொலைந்த இலக்கங்களும்

1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் தமது சம்பாத்தியத்தில் 8 வீதமும் தொழில்தருநர் 12 வீதமும் செலுத்தவேண்டும். பணம் மத்திய வங்கியின் பொறுப்பில் உள்ளது. ஆயினும் அது இன்னாருடையது எனக் காட்டுபவை தொழில்தருநர் இலக்கமும் அங்கத்தவர் இலக்கமுமே. 1990இல் ஊர்காவற்றுறைப் பகுதியிலிருந்து உடுத்த உடையுடன் வெளியேறியவர்கள் காணி உறுதியையே விட்டுவந்தனர். சம்பளச் சிட்டையையா தேடியிருப்பார்கள்?

பெயரிலும் தொல்லையுண்டு. தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் ஒவ்வொரு எழுதுவினைஞரும் ஒவ்வொரு விதமாக எழுதுவர். அடையாள அட்டையுடன் அது பொருந்தாமை பெரும்பாலும் ஆண்கள் 55, பெண்கள் 50 வயதில் பணம் கோரும்போதே தெரியவருகிறது. அந்த ஓர் எழுத்தைத் திருத்த, நெடுந்தீவுவாசி குறிகட்டுவானுக்குப் படகேறி, பின் பஸ்ஸில் யாழ்ப்பாணம் வரவேண்டும்; அன்றைய உழைப்பும் போய்விடும். ஆகவே வேலையிலிருக்கும்போதே கணக்குக் கூற்றை அடையாள அட்டையுடன் ஒப்பிட்டுப் பார்த்தல் நன்று. மாதாந்தப் பங்களிப்பைக் காட்டும் சீ படிவத்தின் பிரதியைப் பேணுவது தொழில்தருநரின் கடமை.

இலக்கத்தைத் தொலைத்தோர் நிறுவனத்தின் பெயரையும் வேலை செய்த காலத்தையும் குறித்துத் தொழில் திணைக்களத்தை அணுகலாம். அதற்குமுன் உடன் பணியாற்றிய ஒருவரின் பழைய கணக்குக் கூற்றைத் தேடுவது பயன்தரும். தொழில்தருநர் இலக்கம் அங்கு வேலை செய்த அனைவருக்கும் ஒன்றே.