மதிப்பெண்ணுக்கு முன்னால் சொல்ல வேண்டியது

கனரக லாரி ஒன்றும் சிறிய கார் ஒன்றும் நேருக்கு நேர் மோதிக்கொள்கின்றன. எதன் மீது அதிக விசை செயல்படும்? கார் மீதுதான் என்று சட்டெனச் சொல்லத் தோன்றும். ஆனால் நியூட்டனின் மூன்றாம் விதிப்படி இரண்டின் மீதும் ஒரே அளவு விசைதான். காரின் நிறை குறைவு என்பதால் அதே விசை அதன் வேகத்தை அதிகமாக மாற்றிவிடுகிறது.

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியரான எரிக் மஸூர், இப்படிப்பட்ட அடிப்படைக் கேள்விகளைத் தன் மாணவர்களிடம் கேட்டுப் பார்த்தார். சிக்கலான கணக்குகளைச் சூத்திரம் போட்டு முடிப்பவர்கள் இவற்றில் தடுமாறினார்கள். நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுத வேண்டுமா, நாங்கள் வழக்கமாக நினைக்கிறபடி எழுத வேண்டுமா என்று ஒருவர் கேட்டேவிட்டார். பாடம் நடந்திருக்கிறது, புரிதல் நடக்கவில்லை.

1991இல் மஸூர் தன் வகுப்பு முறையையே மாற்றினார். விரிவுரையின் நடுவே, நான்கைந்து விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியைக் கேட்பார். மாணவர்கள் தனித்தனியாக யோசித்து விடையைப் பதிவு செய்வார்கள். கிளிக்கர் என்ற கையடக்கக் கருவி இதற்குப் பரவலாகப் பயன்பட்டது. இன்று செல்போனே போதும். சுமார் 70 சதவீதத்துக்கு மேல் சரியாகச் சொன்னால் அடுத்த பாடம். 30 சதவீதத்துக்கும் குறைவென்றால் மறுபடி விளக்கம். இடைப்பட்டிருந்தால், பக்கத்தில் இருப்பவரிடம் வாதாடச் சொல்லிவிட்டு மீண்டும் கேட்பார்.

நன்றாகப் படிப்பவரின் விடையை மற்றவர்கள் அப்படியே எடுத்துக்கொள்கிறார்களோ என்ற சந்தேகம் எழுவது நியாயம்தான். கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாகத்தில் ஆய்வாளர்கள் மரபியல் மாணவர்களிடம் இதைச் சோதித்து, 2009இல் 'சயின்ஸ்' இதழில் முடிவை வெளியிட்டார்கள். விவாதம் முடிந்ததும், அதே கருத்தைச் சோதிக்கும் வேறொரு கேள்விக்கு மாணவர்கள் தனியாக விடையளித்தார்கள். அதிலும் தேர்ச்சி கூடியது. தொடக்கத்தில் யாருக்குமே சரியான விடை தெரியாத குழுக்களிலும் முன்னேற்றம் தெரிந்தது. பேசிப் பேசியே அவர்கள் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

வகுப்புக்கு வெளியே, அசைன்மென்ட் திருத்துவதிலும் இதே அக்கறை வேண்டும். இஸ்ரேலில் பள்ளி மாணவர்களை ஆராய்ந்த ரூத் பட்லர் 1988இல் ஒரு முக்கியமான முடிவை வெளியிட்டார். கருத்துரை மட்டும் பெற்றவர்கள் அடுத்த வேலையில் முன்னேறினார்கள். மதிப்பெண்ணும் கருத்துரையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு அந்தப் பலன் கிட்டவில்லை. எண்ணைப் பார்த்ததும் கண் அங்கேயே நின்றுவிடுகிறது. 1996இல் குளுகர், டெனிசி என்ற ஆய்வாளர்கள் பின்னூட்டம் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட பின்னூட்டங்கள் செயல்திறனைக் குறைத்திருந்தன. செய்த வேலையை விட்டுக் கவனம் ஆளின் பக்கம் திரும்பும்போது பின்னூட்டத்தின் பயன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

'நன்று', 'இன்னும் உழைக்க வேண்டும்' என்று எழுதுவதால் மாணவருக்கு எந்த வழியும் தெரிவதில்லை. 'இரண்டாம் படியில் உராய்வு விசையை விட்டுவிட்டீர்கள். அதைச் சேர்த்து மறுபடி போடுங்கள்' என்றால் அடுத்து என்ன செய்வதென்று அவருக்குத் தெரியும். மூடில் போன்ற கற்றல் மேலாண்மை மென்பொருளில் மதிப்பெண்ணை மறைத்து வைத்து, கருத்துரையை முதலில் அனுப்பலாம். திருத்திய விடையை வாங்கிய பிறகு மதிப்பெண்ணைக் காட்டலாம். அந்த வசதி ஏற்கெனவே இருக்கிறது. பலர் அதைத் தொடுவதே இல்லை.

பாடக் காணொளிகளையும் பிடிஎஃப் கோப்புகளையும் இணையத்தில் ஏற்றுவதோடு டிஜிட்டல் கற்பித்தல் முடிந்துவிடாது. தவறு எங்கே என்பது, திருத்திக்கொள்ள நேரம் இருக்கும்போதே மாணவருக்குத் தெரிய வேண்டும். செமஸ்டர் முடிந்தபின் வரும் எண்ணால் அந்தப் பாடத்தில் யாருக்கும் உதவி இல்லை. ஆசிரியர்களே, அடுத்த வகுப்பில் பாதி நேரம் கடந்ததும் கூகுள் ஃபார்மில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். வரும் விடைகளைப் பார்த்துவிட்டு மீதிப் பாடத்தை நடத்துங்கள்.