நாற்பதை நெருங்கும் வயதில் கருவுற்றால்



மகளுக்கு நிக்காஹ் முடிந்து மருமகனும் வந்துவிட்ட வீட்டில் தாய் கருவுறுவது நம் குடும்பங்களில் புதிதன்று. ஆனால் அச்செய்தி வெளியே வருவதற்குள் நான்கைந்து மாதங்கள் கடந்துவிடுகின்றன. மாதவிடாய் வராததைக் கண்டு, 'நிற்கும் வயதுதானே' என்று சிலர் இருந்துவிடுகின்றனர். வேறு சிலரோ, மருமகன் முன்னே எப்படி நடமாடுவது என்று நாணி, அறிந்தே மறைக்கின்றனர். திருமணம் தாமதமாகி, 38 வயதில் முதற்குழந்தையைச் சுமக்கும் சகோதரிக்கு இந்த நாணம் இல்லை. அவர் முதல் மாதத்திலேயே மருத்துவரிடம் சென்றுவிடுகின்றார். மறைக்கும் தாயின் நிலைதான் கவலைக்குரியது. ஏனெனில் மருத்துவத்தால் செய்யக்கூடிய உதவிகளில் பல, மறைக்கப்பட்ட அந்த மாதங்களில்தான் பயன் தரக்கூடியவை.

"சாரா (அலை) அவர்கள் முதுமையில் இஸ்ஹாக் (அலை) அவர்களைப் பெற்றெடுக்கவில்லையா?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பதுண்டு. உண்மையே. ஆனால் அந்த நற்செய்தியைக் கேட்டு சாரா அம்மையாரே வியந்து நின்றார்கள் என்பதையும் சேர்த்தே நினைவுகூர வேண்டும். வழக்கமான இயல்பு வேறு என்பதைத்தானே அவ்வியப்பு காட்டுகின்றது!

அந்த இயல்பு யாது? ஒரு பெண்ணின் கருமுட்டைகள், அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. ஆகவே 40 வயதுப் பெண்ணின் கருமுட்டைக்கும் வயது ஏறத்தாழ நாற்பதே. முட்டை முதிர முதிர, அதனுள் இருக்கும் குரோமோசோம்கள் சரிவரப் பிரியாமல் போகும் வாய்ப்பு கூடுகின்றது. இதனால் கருச்சிதைவு மிகுகின்றது; 45 வயதைக் கடந்த கருவுறுதல்களில் ஏறத்தாழ பாதி சிதைந்துவிடுகின்றன. டவுன் சிண்ட்ரோம் என்னும் குறைபாடு, 25 வயதுத் தாய்க்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளில் ஒன்றுக்கு வருவது, 35 வயதில் ஏறத்தாழ 350இல் ஒன்று, 40 வயதில் 100இல் ஒன்று என்று உயர்கின்றது. நூற்றில் 99 குழந்தைகளுக்கு அக்குறை இல்லை என்பதும் அதே கணக்குதான். தந்தையின் வயதுக்கும் சில பாதிப்புகளில் பங்குண்டு; பழி மட்டும் பெண்ணின் மீதே விழுகின்றது.

இக்குறைபாட்டுக்கான வாய்ப்பை அறிய, 11 முதல் 14 வாரங்களுக்குள் ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் செய்கின்றனர். 'கலைக்கச் சொல்லிவிடுவார்கள்' என்று அஞ்சிப் பலர் இதனைத் தவிர்க்கின்றனர். பரிசோதனை எவரையும் எதற்கும் கட்டாயப்படுத்துவதில்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் பாதிப்பேருக்கு இதயக் கோளாறும் இருக்கின்றது. முன்பே தெரிந்தால், குழந்தைகளுக்கான இதய மருத்துவர் உள்ள இடத்தில் பிரசவத்தை வைத்துக்கொள்ளலாம்.

குழந்தையைப் பற்றியே பேசி, தாயை மறந்துவிடக் கூடாது. இந்த வயதில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கர்ப்பத்தோடு சேர்ந்து வருவது மிகுதி. அழுத்தம் 140/90ஐத் தொட்டால் அது எச்சரிக்கை. ஆபத்து மிகுந்த தாய்மார்களுக்குச் சிறிய அளவு ஆஸ்பிரின் மாத்திரையை மருத்துவர்கள் தருவதுண்டு. 16 வாரத்திற்குள் தொடங்கினால்தான் அதன் பயன் நன்கு கிட்டும். ஐந்தாம் மாதத்தில் வருபவருக்கு அந்த வாய்ப்பு பெரும்பாலும் கைநழுவிவிடுகின்றது. (தானாக வாங்கி உண்ணத்தக்க மாத்திரை அன்று இது.) சர்க்கரையை முதல் வருகையிலும், 24 முதல் 28 வாரங்களுக்குள் மீண்டும் பார்க்க வேண்டும். 75 கிராம் குளுக்கோஸ் அருந்தி இரண்டு மணி நேரம் கழித்து இரத்தத்தைச் சோதிப்பதே நம் நாட்டு அரசு மருத்துவமனைகளின் முறை. சர்க்கரை உள்ள கர்ப்பிணி, ரமளானுக்கு முன்பே மருத்துவரைக் கலந்துகொள்வது அவசியம். தனக்கோ குழந்தைக்கோ தீங்கு நேருமென அஞ்சும் கர்ப்பிணிக்கு மார்க்கம் சலுகை வழங்கியுள்ளது. அதனை ஏற்பதில் கூச்சம் வேண்டாம்.

முன்பு சிசேரியன் ஆன தாய்க்கு நஞ்சுக்கொடி பழைய தழும்பின் மேல் ஒட்டிக்கொள்ளக்கூடும். பல பிள்ளைகளைப் பெற்றவருக்குக் குழந்தை பிறந்தபின் கருப்பை சுருங்காமல் உதிரப்போக்கு பெருகக்கூடும். 'நான்கு பெற்றவள், ஐந்தாவது எளிதாக வந்துவிடும்' என்ற பேச்சு இங்கே செல்லாது. இரத்தம் ஏற்றும் வசதியுள்ள மருத்துவமனையே ஏற்றது. அரசு மருத்துவமனைகளில் ஒவ்வொரு மாதமும் 9ஆம் நாள் கர்ப்பிணிகளுக்கு இலவசமாக மருத்துவப் பரிசோதனை செய்யும் திட்டம் 2016இல் தொடங்கப்பட்டது.

விடாத தலைவலி, கண் மங்குதல், மேல்வயிற்று வலி, திடீரென முகம் வீங்குதல், உதிரப்போக்கு, குழந்தையின் அசைவு குறைதல் ஆகிய இவற்றுள் எது தோன்றினாலும், நள்ளிரவாயினும் பொழுது விடியக் காத்திராமல் கணவர் உடனே வாகனம் அழைக்க வேண்டும்.