பல் வைத்தியரும் பயந்த பிள்ளையும்

"குழப்படி செய்தால் பல் வைத்தியரிடம் கொண்டுபோய் ஊசி போடுவிப்பேன்" என்று பிள்ளையை வெருட்டாத வீடுகள் நம்மிடையே மிகச் சிலவே. சொல்லிய சொல்லைத் தாய் மறந்துவிடுவாள், பிள்ளை மறப்பதில்லை. பின்னர் ஓரிரவு பற்கொதியால் அது துடிக்கும்போது, கராம்பு வைத்தும் உப்புநீரால் வாய் கொப்புளிப்பித்தும் பார்த்துவிட்டு, மறுநாட் காலையில் அதே வைத்தியரிடம் இழுத்துச் செல்கின்றோம். நோவும் நித்திரையின்மையும் ஒருங்கே வருத்த, முன்பின் அறியாத கதிரையில் ஏற்றப்படும் குழந்தை வீரிட்டு அழுவதில் வியப்பென்ன?

ஆதலின் முதன்முறை செல்வது பல் நோகாத காலத்திலேயே ஆதல் வேண்டும். முதற் பாற்பல் ஏறக்குறைய ஆறாம் மாதத்தில் முளைக்கின்றது. ஒரு வயது நிறையுமுன்னரே பிள்ளையை வைத்தியருக்குக் காட்டிவிடுக என்பது இக்காலப் பற்சிகிச்சை நூலோர் கொள்கை. "விழப்போகும் பல்லுக்கு ஏன் இத்தனை பாடு?" என்று பாட்டிமார் கேட்பர். பாற்பற்கள் 20உம் விழுவனதாம். ஆயினும் அவற்றுட் கடைவாய்ப் பற்கள் பத்துப் பன்னிரண்டு வயதுவரை இருந்து, பின்வரும் பல்லுக்கு இடங்காத்து நிற்பன.

மிகச் சிறு குழந்தையைக் கதிரையில் ஏற்றவேண்டியதுமில்லை. தாயும் வைத்தியரும் முழங்காலோடு முழங்கால் பொருந்த எதிரெதிரே இருந்து, தாயின் மடியில் உடலும் வைத்தியர் மடியில் தலையுமாகக் கிடத்தினால், அது தாயின் முகத்தைப் பார்த்தபடியே வாய் திறக்கும். அழுதாலும் வாய் திறக்குமன்றோ!

பேச்சு விளங்கும் வயதினருக்கு வேறொரு முறை உண்டு. "சொல்லுக, காட்டுக, பின் செய்க" என்னும் அம்முறையை அடெல்ஸ்டன் என்னும் அமெரிக்கப் பல் வைத்தியர் 1959ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டார். பல் துலக்கும் சுழல் தூரிகையைப் பற்றி முதலிற் பிள்ளைக்கு விளங்கும் சொல்லாற் கூறுவர். அடுத்து அதனைப் பிள்ளையின் விரல் நகத்திலே மெல்ல ஓடவிட்டுக் காட்டுவர். அதன்பின், சொன்னதற்குமேல் ஒன்றுமின்றிப் பல்லிலே செய்வர். சொல்லாத ஒன்றை இடையிற் செய்துவிட்டால், அதுகாறும் பெற்ற நம்பிக்கை ஒரு நொடியிற் போய்விடும். கையை உயர்த்தினால் வைத்தியர் நிறுத்துவார் என்று பேசிக்கொள்வதும் நன்று. உயர்த்தியபோது மெய்யாகவே நிறுத்தவேண்டும்.

நல்ல நோக்கம் மாத்திரம் அச்சத்தைப் போக்காது என்பதற்கு நியூசிலாந்து சான்று. அங்கே 1921ஆம் ஆண்டு தொடங்கிப் பல் தாதியரைப் பயிற்றிப் பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சிகிச்சை அளித்தனர். நமது பாடசாலைப் பற்சிகிச்சைச் சேவையும் அம்மாதிரியைத் தழுவியதே. ஆனால் அந்நாட்டுச் சிறுவர் அந்நிலையங்களுக்கு இட்ட பெயர் "கொலைவீடு"! காலால் மிதித்து ஓட்டிய துளைகருவி மெதுவாகச் சுழன்று மண்டை அதிர வைத்தது. விறைப்பூசியும் பலருக்கு இடப்படவில்லை. காற்றின் விசையாற் சுழலும் அதிவேகக் கருவி 1957இல் விற்பனைக்கு வந்தபின் அதிர்ச்சி பெரிதும் குறைந்தது. ஊசி குத்துமிடத்தை முன்னரே மரக்கச் செய்யும் பசையும் இன்று உண்டு.

இனி வீட்டார் செய்யத்தக்கது. "நோகாது, பயப்படாதே" என்று வழிநெடுகச் சொல்லற்க; பிள்ளையின் காதில் விழுவது "நோ" என்பதும் "பயம்" என்பதுமே. அழாவிட்டால் இனிப்பு வாங்கித் தருவேன் என்பதும் அத்தகையதே; அழத்தக்கது ஏதோ வரப்போகின்றதென்று அது ஊகித்துக்கொள்ளும். (சூத்தைப் பல்லுக்கு இனிப்பே பரிசென்பது எவ்வளவு பொருத்தம்!) "வைத்தியர் உன் பற்களை எண்ணிப் பார்ப்பார்" என்பது போதும். பிள்ளை களைப்பின்றியிருக்கும் காலை வேளையே ஏற்றது. கதிரையருகே தாய் கையைப் பிடித்துக்கொண்டு வாளா இருத்தல் நலம். இருவர் ஒருங்கே பேசினாற் பிள்ளை எவர் சொற் கேட்கும்?

விறைப்பூசி இட்ட நாளில் ஒன்று கவனிக்க. உதடு இரண்டு மூன்று மணிநேரம் உணர்வற்றிருக்குமாதலால், சிறுவர் அதனை விளையாட்டாய்க் கடித்துப் புண்ணாக்கிக்கொள்வர். விறைப்பு நீங்கும்வரை சாப்பாடு கொடாது பக்கத்திலேயே வைத்துக்கொள்க.