ஆன்டிபயாடிக்கும் ஈஸ்ட் நோயும்

தொண்டைப் புண்ணுக்கோ சிறுநீர்த் தொற்றுக்கோ ஒரு பெண் ஆன்டிபயாடிக் மருந்து சாப்பிடுகிறார். ஐந்தாறு நாள்களில் நோய் குணமாகிறது. ஆனால் அந்த வாரமோ அடுத்த வாரமோ பிறப்புறுப்பில் தாங்க முடியாத அரிப்பும் எரிச்சலும் தோன்றுகின்றன. திரிந்த பால்போலக் கட்டிகட்டியாக வெள்ளைபடுகிறது. பெண்கள் பலருக்கு நேரும் தொல்லை இது. வெளியில் சொல்லக் கூச்சப்பட்டு, முன்பு சாப்பிட்ட மருந்து போதவில்லை போலும் என்று எண்ணி, அதே மாத்திரையை இன்னும் ஐந்து நாளுக்கு வாங்கிச் சாப்பிடுகிறவர்களும் உண்டு. அதனால் அரிப்பு தீர்வதில்லை, கூடவும் கூடும். காரணம் என்ன? இந்நோயை உண்டாக்கும் உயிர் எத்தகையது என்பதை அறிந்தால் விடை எளிதில் விளங்கும்.

நமக்கு உறவான நுண்ணுயிர்

ரொட்டி மாவை உப்பச் செய்வதும் பனைச்சாற்றைக் கள்ளாக்குவதும் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர்கள் என்பதை வாசகர்கள் அறிவார்கள். (கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கினால் பதநீர், தடவாமல் விட்டால் கள். சுண்ணாம்பின் காரத்தன்மை நுண்ணுயிர்களின் பெருக்கத்தைத் தடுத்துவிடுகிறது.) ஈஸ்ட்டுகளில் பல வகைகள் உண்டு. நாம் இங்கே பேசுவது கேண்டிடா ஆல்பிகன்ஸ் என்னும் வகையைப் பற்றி. இது வெளியிலிருந்து புதிதாக வந்து தாக்கும் கிருமி அன்று. நல்ல உடல்நலத்தோடு இருப்பவர்கள் பலரின் வாயிலும் குடலிலும், பெண்களின் பிறப்புறுப்பிலும் சிறிய அளவில் எப்போதும் குடியிருப்பது.

ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் கண்ணுக்குத் தெரியாதவை என்பதால் இரண்டையும் ஒன்றாகக் கருதிவிடுகிறோம். உண்மையில் இரண்டும் வெகுதூரம் விலகிய குடும்பங்கள். கேண்டிடா செல்லின் விட்டம் ஏறக்குறைய 5 மைக்ரான். பல பாக்டீரியாக்களின் பருமன் 1 மைக்ரான் அளவுதான். விட்டத்தில் ஐந்து மடங்கு என்றால் கன அளவில் 125 மடங்கு! இதைவிட முக்கியமானது உள்ளமைப்பு. ஈஸ்ட் பூஞ்சை இனத்தைச் சேர்ந்தது. நம் செல்களில் இருப்பது போன்றே அதற்கும் உட்கரு உண்டு. பாக்டீரியாவுக்கு அது கிடையாது.

பெனிசிலின் எப்படி வேலை செய்கிறது? பாக்டீரியாவைச் சுற்றியுள்ள சுவர் பெப்டிடோகிளைக்கான் என்னும் பொருளால் ஆனது. அந்தச் சுவர் கட்டப்படுவதைப் பெனிசிலின் தடுக்கிறது. சுவர் வலுவிழந்ததும் பாக்டீரியா வெடித்துச் சாகிறது. நம் செல்களுக்குச் சுவரே இல்லை. ஆகவே நமக்குத் தீங்கில்லை. ஈஸ்ட்டுக்குச் சுவர் உண்டு. ஆனால் அது கைட்டின், குளுக்கான் ஆகிய வேறு பொருள்களால் ஆனது. பெனிசிலின் அதைத் தொடுவதில்லை.

டெட்ராசைக்ளின் போன்றவை வேறு வழியில் தாக்குகின்றன. புரதங்களை உருவாக்கும் ரைபோசோம் என்னும் நுண்பொருளில் போய் ஒட்டிக்கொண்டு அதன் வேலையை நிறுத்துகின்றன. பாக்டீரியாவின் ரைபோசோம் 70 எஸ் என்றும், நம்முடையதும் ஈஸ்ட்டினுடையதும் 80 எஸ் என்றும் பாடநூல்களில் படித்திருப்பீர்கள். இந்த ‘எஸ்’ எடையைக் குறிப்பதன்று. மிகுவேகச் சுழல் கருவியில் ஒரு துகள் எவ்வளவு விரைவாகப் படிகிறது என்பதைக் குறிக்கும் ஸ்வெட்பர்க் அலகு. 70 எஸ் ரைபோசோமின் இரு பகுதிகள் 50 எஸ்ஸும் 30 எஸ்ஸும் ஆகும். 50-உம் 30-உம் 80 அல்லவா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. படியும் வேகம் எடையை மட்டுமன்றி வடிவத்தையும் பொறுத்தது. எனவே அதை அப்படியே கூட்ட முடியாது.

ஆக, எந்த வேறுபாட்டினால் ஆன்டிபயாடிக் நமக்குத் தீங்கு செய்யாமல் இருக்கிறதோ, அதே வேறுபாட்டினால்தான் அது ஈஸ்ட்டையும் விட்டுவிடுகிறது. ஈஸ்ட்டின் அருகே வாழும் பாக்டீரியாக்களோ கொல்லப்படுகின்றன.

அண்டை வீட்டார் போனபின்

1892ஆம் ஆண்டில் டோடெர்லைன் என்ற ஜெர்மானிய மருத்துவர் பெண்களின் பிறப்புறுப்பில் வாழும் கோல் வடிவப் பாக்டீரியாக்களைப் பற்றி எழுதினார். லாக்டோபேசில்லஸ் எனப்படும் இவை கிளைக்கோஜனிலிருந்து கிடைக்கும் சர்க்கரைகளை லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. அதனால் அவ்விடத்தின் பி.எச். எண் 3.8 முதல் 4.5 வரை இருக்கிறது. தூய நீரின் பி.எச். 7. எண்ணில் வேறுபாடு மூன்றுதான். ஆனால் இது மடக்கை அளவு, எனவே பி.எச். 4-இல் ஹைட்ரஜன் அயனிகளின் செறிவு நீரில் உள்ளதைப்போல் 1,000 மடங்கு.

‘ஆன்டிபயாடிக் இந்தப் பாக்டீரியாக்களைக் கொல்கிறது, அமிலம் குறைகிறது, ஈஸ்ட் வளர்கிறது’ என்று பலரும் எழுதிவிடுகிறார்கள். கேட்க நேர்த்தியாக இருந்தாலும் இது முழு உண்மையன்று. ஈஸ்ட் நோய் கண்ட பெண்களைச் சோதித்தால் பெரும்பாலும் பி.எச். 4.5-க்கு உள்ளேயே இருக்கிறது. அமிலத்தைக் கேண்டிடா நன்றாகவே தாங்கும். ஆகையால் இடத்துக்கும் உணவுக்கும் நடக்கும் போட்டி, பாக்டீரியாக்கள் வெளியிடும் பிற பொருள்கள், உடலின் எதிர்ப்புத் திறன் ஆகியவற்றையும் சேர்த்தே எண்ண வேண்டியிருக்கிறது. போட்டி குறைந்ததும், உருண்டையாக இருந்த ஈஸ்ட் செல்கள் பெருகி நீண்ட இழைகளாக வளர்ந்து மேல்தோலுக்குள் நுழைகின்றன. அரிப்பும் எரிச்சலும் அப்போதுதான் தொடங்குகின்றன.

அப்படியானால் தயிர் சாப்பிட்டு இழந்த பாக்டீரியாக்களை ஈடுசெய்துகொள்ளலாமே? ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் இது முறையாகச் சோதிக்கப்பட்டு, முடிவு 2004இல் வெளியாயிற்று. ஆன்டிபயாடிக் சாப்பிட்ட பெண்களுக்கு லாக்டோபேசில்லஸை வாய்வழியாகவும் உறுப்பினுள் வைத்தும் கொடுத்துப் பார்த்தார்கள். கணக்கில் கொள்ளப்பட்ட 235 பேரில் 55 பேருக்கு ஈஸ்ட் நோய் வந்தது. லாக்டோபேசில்லஸ் பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் பயன்தரும் வேறுபாடு எதுவும் தென்படவில்லை. தயிர் நல்ல உணவு, தாராளமாகச் சாப்பிடலாம். இந்நோய்க்கு அதை மருந்தாக நம்ப வேண்டியதில்லை என்பதே என் கருத்து.

தபாலில் போன மண்

பலவகைப் பாக்டீரியாக்களை ஒருங்கே அழிக்கும் ஆரியோமைசின் 1948இல் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுக்கூடத்திலிருந்து வெளிவந்தது. கண்டறிந்தவர் பெஞ்சமின் டக்கர் என்னும் தாவரவியலார். அங்கே ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகடா சுப்பாராவ். இத்தகைய மருந்துகள் பெருகப் பெருக, அவற்றைச் சாப்பிட்ட நோயாளிகளின் வாயிலும் குடலிலும் பிறப்புறுப்பிலும் ஈஸ்ட் நோய் தோன்றுவதை மருத்துவர்கள் அதிகமாகக் கண்டார்கள். அதைத் தீர்க்கும் நல்ல மருந்து அன்று கையில் இல்லை. ஈஸ்ட் நமக்கு உறவு அல்லவா? அதைக் கொல்லும் பொருள்கள் பெரும்பாலும் சோதனை விலங்குகளையும் கொன்றன.

நியூயார்க் மாநிலப் பொதுச் சுகாதாரத் துறையில் பணியாற்றிய எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரௌன் என்ற இரு பெண்மணிகள் இந்தச் சிக்கலைத் தீர்த்தார்கள். ஹேசன் நுண்ணுயிரியல் அறிஞர். நியூயார்க் நகரில் இருந்தார். பிரௌன் வேதியியல் அறிஞர்; ஆல்பனி நகரில் இருந்தார். மண்ணில் வாழும் நுண்ணுயிர்களை ஹேசன் வளர்த்துத் தபாலில் அனுப்புவார். பிரௌன் அவற்றிலிருந்து வேதிப்பொருள்களைப் பிரித்துத் திருப்பி அனுப்புவார். வர்ஜீனியாவில் நண்பர் ஒருவரின் பண்ணையில் எடுத்த மண்ணில் அவர்கள் தேடியது அகப்பட்டது. 1950இல் அறிவிக்கப்பட்ட அம்மருந்துக்கு மாநிலத்தின் பெயரையொட்டி நிஸ்டாட்டின் என்று பெயரிட்டார்கள். ஈஸ்ட்டின் மேலுறையில் எர்கோஸ்டீரால் என்னும் பொருள் இருக்கிறது. நம் செல்லில் அவ்விடத்தில் இருப்பது கொலஸ்டிரால். நிஸ்டாட்டின் எர்கோஸ்டீராலைப் பற்றிக்கொண்டு உறையைச் சிதைக்கிறது. இக்கண்டுபிடிப்பால் கிடைத்த உரிமத்தொகை 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு மேல். அதில் ஒரு காசும் அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. முழுவதும் அறிவியல் ஆராய்ச்சிக்கே சென்றது. பின்னர் வந்த குளோட்ரிமசோல், ஃபுளூகோனசோல் ஆகியவை எர்கோஸ்டீரால் உருவாவதையே தடுக்கின்றன.

செய்ய வேண்டியது என்ன?

எல்லா வெள்ளைபடுதலும் ஈஸ்ட்டினால் வருவதன்று. மீன் வாடையோடு நீர்த்துப் படுவது பெரும்பாலும் பாக்டீரியாக்களின் சமநிலை கெடுவதால் வருவது. அதற்கு மருந்து வேறு. சிறிது கசிவை எடுத்து 10 விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் கலந்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், நம் செல்கள் கரைந்து மங்க, ஈஸ்ட் இழைகள் தெளிவாகத் தெரியும். சில நிமிடச் சோதனைதான். முதல் முறை வருகிறவர்கள் கூச்சப்படாமல் மருத்துவரிடம் காட்டிவிடுவதே நல்லது.

ஈஸ்ட்தான் என்று தெரிந்தால் சிகிச்சை எளிது. குளோட்ரிமசோல் மாத்திரையை உறுப்பினுள் வைத்துக்கொள்ளலாம். அல்லது 150 மில்லிகிராம் ஃபுளூகோனசோல் மாத்திரை ஒன்றே பலருக்குப் போதும். கர்ப்பிணிகள் ஃபுளூகோனசோலை விழுங்கலாகாது. அவர்களுக்கு உள்ளே வைக்கும் மருந்தே உரியது. இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்களும் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சோப்பாலும் கிருமிநாசினியாலும் உட்புறத்தைக் கழுவுவது எரிச்சலைக் கூட்டும். ஸ்டீராய்டு கலந்த களிம்புகளைக் கடையில் தாமே கேட்டு வாங்கிப் பூசுவதும் கூடாது; அரிப்பு அடங்கியதுபோல் இருக்கும், பூஞ்சை வளர்ந்துகொண்டிருக்கும்.

அரிப்பு வந்துவிட்டதே என்று, தேவையான ஆன்டிபயாடிக்கைத் தாமாகப் பாதியில் நிறுத்தவும் கூடாது; எழுதிக்கொடுத்தவரிடம் கேட்க வேண்டும். முன்பு இத்தொல்லை வந்திருந்தால் அடுத்த முறை மருந்து எழுதும்போதே அதை நினைவூட்டலாம். சளிக்கும் சாதாரணக் காய்ச்சலுக்கும் ஆன்டிபயாடிக் கேட்டு வாங்குவோர் நம்மில் ஏராளம். அவை பெரும்பாலும் வைரஸால் வருபவை. மருந்து வைரஸை ஒன்றும் செய்யாது, லாக்டோபேசில்லஸைத்தான் கொல்லும்.

ஆன்டிபயாடிக் எதுவும் சாப்பிடாமலே ஓராண்டில் மூன்று நான்கு முறை ஈஸ்ட் நோய் வருமானால் இரத்தத்தில் சர்க்கரையைச் சோதித்துக்கொள்ள வேண்டும். தமக்கு நீரிழிவு இருப்பதைச் சிலர் இப்படித்தான் முதன்முதலில் அறிகிறார்கள்.