காலும் தொண்டையும்: பற்றவைப்புக் கலைச்சொற்களும் குறியீடுகளும்



கப்பல் பட்டறையில் பற்றவைப்பு ஆய்வாளனாகப் பணிபுரிந்தவன் என்ற முறையில், இரும்பையும் சொல்லையும் ஒருசேர வைத்துப் பேச விழைகிறேன். என் பணியில் நான் செய்த பிழை ஒன்றே இவ்வுரைக்கு வித்து. ஒரு தாங்கியின் வரைபடத்தில் ‘ஏ’ என்னும் ஆங்கில எழுத்தும், அதனை அடுத்து 6 என்னும் எண்ணும் இருந்தன. நான் பற்றவைப்பாளரிடம் “ஆறு வைக்கவும்” என்று மட்டும் சொல்லிச் சென்றேன். மறுநாள் அளவியை வைத்துப் பார்த்தபோது வேலை குறைபட்டிருந்தது. காரணம் கேட்டேன். “ஆறுன்னுதானே அண்ணே சொன்னீங்க? ஆறுதான் வச்சேன்” என்றார் அவர்.

அவர் சொன்னது மெய். அவர் வைத்தது காலின் ஆறு. வரைபடம் கேட்டதோ தொண்டையின் ஆறு. எண்ணைச் சொன்ன நான், எதன் எண் என்பதைச் சொல்லவில்லை. பிழை அவர் கையில் இல்லை. என் நாவில் இருந்தது.

பற்றாசும் பற்றவைப்பும்

தமிழாசிரியர்கள் ஆசிடை நேரிசை வெண்பாவை அறிவார்கள். முதற் குறளுக்கும் தனிச்சொல்லுக்கும் இடையே ஓசை பிளவுபடும்போது, ஓரசையோ ஈரசையோ கூட்டி அவற்றை இணைப்பது அது. அவ்வாறு கூட்டப்படும் அசைக்கு ‘ஆசு’ என்று பெயர். உலோகத் துண்டுகளைப் பற்றாசு இட்டுப் பொருத்துவதை யாப்பிலக்கண உரையாசிரியர்கள் இதற்கு உவமையாகக் காட்டுவர். கம்மியர் பட்டறைச் சொல் ஒன்று இலக்கணத்துள் புகுந்து நிலைபெற்றிருப்பது நமக்குப் பெருமை தருவதே.

ஆயினும், பற்றாசு என்பதை இன்றைய வெல்டிங்கிற்கு அப்படியே வழங்குதல் பொருந்தாது. பற்றாசு இடும்போது இடையில் வைக்கும் உலோகம் மட்டுமே உருகுகிறது; இணைக்கப்படும் துண்டுகள் உருகுவதில்லை. வில்பொறிப் பற்றவைப்பிலோ இரு துண்டுகளின் விளிம்புகளும் உருகி, நிரப்பு உலோகத்தோடு கலந்து, ஒரே உடலாக இறுகுகின்றன. ஆதலின் முன்னதைப் பற்றாசு என்றும், பின்னதைப் பற்றவைப்பு என்றும் பிரித்து வழங்குவோம். பற்றவைத்தபின் அங்கே உறைந்து நிற்கும் உலோகத்தைச் சுருக்கமாகப் ‘பற்று’ என்போம்.

இணைப்பு வேறு, பற்று வேறு

இத்துறையில் மாணவர் முதலில் தெளிய வேண்டியது இதுவே. இணைப்பு என்பது இரு துண்டுகள் ஒன்றையொன்று எந்நிலையில் சந்திக்கின்றன என்னும் வடிவத்தைக் குறிப்பது. பற்று என்பது அந்தச் சந்திப்பில் இடப்படும் உலோகத்தைக் குறிப்பது. வாழை, பழம் என்னும் இரு சொற்களும் சந்திப்பது இணைப்பு; அங்கே தோன்றும் ‘ப்’ என்னும் ஒற்று பற்று என்று கொள்ளலாம்.

இணைப்பின் அடிப்படை வகைகள் ஐந்து. இரு தகடுகள் ஒரே தளத்தில் முனையோடு முனை முட்டி நிற்பது முட்டிணைப்பு. நம் ‘ட’ எழுத்தைப் போல இரு தகடுகள் ஓரத்தில் செங்கோணமாகக் கூடுவது மூலையிணைப்பு. ஒரு தகட்டின் நடுப்பகுதியில் மற்றொன்று செங்குத்தாக நிற்பது டீ இணைப்பு. ஒன்றின்மேல் ஒன்று ஓரளவு படிந்திருப்பது மேற்படிவு இணைப்பு. இரு தகடுகள் இணையாகச் சேர்ந்து, அவற்றின் விளிம்புகள் ஒருங்கே நிற்பது விளிம்பிணைப்பு.

பற்றில் நாம் அடிக்கடி காண்பவை இரண்டு. இரு பரப்புகள் கூடும் உட்கோணத்தில், முக்கோண வெட்டுமுகத்தோடு அமைவதைத் தொழிலாளர் ஃபில்லட் என்பர். இதனை முக்கோணப் பற்று எனலாம். மூலைப் பற்று என்று பெயரிட்டால் மூலையிணைப்போடு மயங்கும். டீ இணைப்பிலும் மேற்படிவு இணைப்பிலும் இடப்படுவதும் இப்பற்றே அன்றோ? மற்றொன்று, துண்டுகளின் இடையே வெட்டிய பள்ளத்தை நிரப்புவது. மரத்தில் வெட்டும் நீண்ட பள்ளத்தைத் தச்சர் காடி என்பர். அச்சொல்லைக் கடனாகப் பெற்று இதனைக் காடிப் பற்று எனலாம்.

ஒரே இணைப்பில் வெவ்வேறு பற்றுகள் அமையலாம். டீ இணைப்பில் முக்கோணப் பற்றும் இடலாம். தகட்டின் முனையைச் சரிவாகச் சீவிக் காடிப் பற்றும் இடலாம். முன்னதை விடப் பின்னது, தகட்டின் முழுத் தடிப்பையும் ஊடுருவி இணைக்க வல்லது. ஆகவே, “டீ இணைப்பு” என்று மட்டும் அறிக்கையில் எழுதினால் பாதிச் செய்தியே எழுதியதாகும்.

உடலுறுப்புப் பெயர்கள்

ஆங்கிலேயர் ஊசிக்குக் கண் வைத்தனர். நாம் காது வைத்தோம். பானைக்குக் கழுத்தும், மேசைக்குக் காலும் நமக்கு இயல்பானவை. பற்றின் பகுதிகளுக்கும் இவ்வாறே உறுப்புப் பெயர்கள் வழங்குகின்றன. வெளியே தெரியும் பரப்பு முகம். பற்று ஆழ்ந்து சென்று முடியும் இடம் வேர். முக்கோணப் பற்றில் வேரிலிருந்து தகட்டின்மேல் நீளும் பக்கம் கால். முகமும் தகடும் தொடும் கோடு, காலின் முடிவில் இருத்தலின், நுனிக்கால். வேரிலிருந்து முகத்திற்கு உள்ள மிகக் குறுகிய தொலைவு தொண்டை. அது வெளியே தெரியும் இடமன்று, உள்ளே விசை கடந்து செல்லும் குறுகலான வழி; ஆதலின் கழுத்து என்பதை விடத் தொண்டை என்பதே பொருந்தும்.

காலுக்கும் தொண்டைக்கும் உள்ள உறவை மாணவர் கணக்காகவே செய்து பார்க்கலாம். பக்கம் 6 மில்லிமீட்டர் உள்ள சதுரம் ஒன்று வரைக. அதன் மூலைவிட்டம் ஏறத்தாழ 8.5 மில்லிமீட்டர். அதில் பாதி 4.2. சதுரத்தை மூலைவிட்டத்தில் வெட்டிய அரைப்பகுதியே சமகால் உடைய முக்கோணப் பற்றின் வெட்டுமுகம். அதாவது, தொண்டை என்பது காலில் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கு.

என் பிழையை இனி அளந்து பார்க்கலாம். வரைபடம் தொண்டை 6 கேட்டது. அதற்குக் கால் 8.5 வேண்டும். பற்றவைப்பாளர் வைத்த கால் 6. அதன் தொண்டை 4.2. வலிமை தரும் அளவில் பத்தில் மூன்று பங்கு குறைந்துவிட்டது. மீண்டும் துப்புரவு செய்து, மேலும் உலோகம் இட்டு நிறைவு செய்தோம். எதிர்ப்பிழையும் தீங்கானதே. கால் 6 கேட்ட இடத்தில் தொண்டை 6 வைத்தால், வெட்டுமுகப் பரப்பு 18 சதுர மில்லிமீட்டரிலிருந்து 36 ஆகிறது. உலோகம் இருமடங்கு செலவாவதோடு, மிகுந்த வெப்பத்தால் தகடும் கோணிவிடும்.

காடிப் பற்றிலும் இத்தகைய மயக்கம் உண்டு. ஒரு தகட்டை மட்டும் சீவிய சாய்வு சரிவுக் கோணம். இரு தகடுகளும் சேர்ந்து அமைக்கும் மொத்தக் கோணம் காடிக் கோணம். இருபுறமும் 30 பாகை சீவினால் காடிக் கோணம் 60 பாகை. “முப்பது” என்று சொன்னால், எந்த முப்பது என்னும் வினா எழ வேண்டும். அவ்வாறே, அடியில் சீவாமல் விடும் செங்குத்தான பகுதி வேர்முகம். இரு துண்டுகளுக்கும் அடியில் உள்ள இடைவெளி வேரிடைவெளி. இரண்டும் சில மில்லிமீட்டர் அளவினவே. ஆயினும், வேர் வரை உலோகம் உருகி இணையுமா என்பதை இவையே தீர்மானிக்கின்றன.

குறியீடு என்னும் எழுத்து

பற்றவைப்புக் குறியீட்டை ஒரு சிறு வாக்கியமாகக் கருதலாம். கிடையாக ஓர் ஆதாரக் கோடு. அதன் ஒரு முனையிலிருந்து இணைப்பை நோக்கிச் செல்லும் அம்பு. மறுமுனையில், தேவையானபோது, செயல்முறை முதலிய குறிப்புகளைத் தாங்கும் வால். கோட்டின்மேல் அல்லது கீழ் பற்றின் வகையைக் காட்டும் சிறு வடிவம் நிற்கும். வடிவத்தின் இடப்பக்கம் பற்றின் பருமன், வலப்பக்கம் நீளம். அம்பும் கோடும் கூடும் இடத்தில் வட்டம் இருந்தால் சுற்றிலும் பற்றவைக்க வேண்டும். கொடி இருந்தால் அவ்வேலையைப் பட்டறையில் அன்றி, நிறுவும் களத்தில் செய்ய வேண்டும். முக்கோணப் பற்றின் வடிவத்தில் செங்குத்துக் கோடு எப்போதும் இடப்பக்கமே இருக்கும். உண்மையான தகடு எப்பக்கம் நின்றாலும் இவ்விதி மாறாது.

அமெரிக்கப் பற்றவைப்புச் சங்கத்தின் ஏ2.4 தரநிலைப்படி, கோட்டின் கீழே உள்ள வடிவம் அம்புப் பக்கத்தையும், மேலே உள்ளது மறுபக்கத்தையும் குறிக்கும். அம்புப் பக்கம் என்பது பார்ப்பவருக்கு அண்மையான பக்கம் அன்று. அம்பின் முனை தொடும் பக்கம். ஐ.எஸ்.ஓ. 2553 தரநிலையோ 2013ஆம் ஆண்டுப் பதிப்பில் ஏ, பி என இரு முறைகளை ஒரே நூலில் வைத்தது. பி முறை அமெரிக்க வழக்கை ஒத்தது. ஏ முறையில் தொடர்கோடு ஒன்றும் விட்டுவிட்டு வரைந்த கோடு ஒன்றும் இணையாக இருக்கும். தொடர்கோட்டில் நிற்கும் வடிவம் அம்புப் பக்கம். விட்ட கோட்டில் நிற்பது மறுபக்கம். ஆகவே, கோட்டின் மேலே நிற்கும் ஒரே வடிவம் ஒரு முறையில் மறுபக்கமாகவும், மற்றொரு முறையில் அம்புப் பக்கமாகவும் பொருள் தரக்கூடும்.

விட்டுவிட்டு இடும் பற்றிலும் கவனம் தேவை. 50 மில்லிமீட்டர் நீளமுள்ள பற்றுகளுக்கு இடையே 100 மில்லிமீட்டர் வெற்றிடம் விட வேண்டும் என்க. அமெரிக்க முறை 50-150 என்று எழுதும். 150 என்பது ஒரு பற்றின் நடுவிலிருந்து அடுத்த பற்றின் நடுவரை உள்ள தொலைவு. ஐ.எஸ்.ஓ. ஏ முறை 100 என்பதை அடைப்புக்குறிக்குள் எழுதும். அது வெற்றிடத்தின் அளவு. 150 என்பதை வெற்றிடம் என்று படித்துவிட்டால், மூன்றில் ஒரு பங்கு பற்றவைக்க வேண்டிய நீளத்தில் நான்கில் ஒரு பங்கே பற்று விழும்.

பல நாட்டு வரைபடங்கள் வந்து சேரும் துறைமுக நகரில் இது கற்பனைச் சிக்கல் அன்று. வரைபடத்தைக் கையில் எடுத்ததும், அது எம்முறையைப் பின்பற்றுகிறது என்பதைத் தலைப்புக் கட்டத்தில் பார்த்தபின்னரே குறியீட்டைப் படிக்கத் தொடங்க வேண்டும். காலளவுக்கு ‘இசட்’ என்றும் தொண்டையளவுக்கு ‘ஏ’ என்றும் ஐ.எஸ்.ஓ. ஏ முறை முன்னெழுத்து இடுவதும் இம்மயக்கத்தைத் தவிர்க்கவே. அந்த ஓரெழுத்தைத்தான் நான் சொல்லாமல் விட்டேன்.

குறையும் குற்றமும்

ஆய்வாளரின் மொழியில் மேலும் ஒரு பிரிவு இன்றியமையாதது. பற்றின் ஒருமையைக் குலைக்கும் எதுவும், அது நுண்துளையாயினும், சிக்கிய கசடாயினும், நுனிக்கால் ஓரத்தில் தகடு அரிக்கப்பட்ட பள்ளமாயினும், முதலில் ஒரு குறை. அக்குறை தரநிலை ஏற்கும் எல்லையைக் கடந்தால்தான் அது குற்றம். எல்லாக் குற்றமும் குறையே. எல்லாக் குறையும் குற்றம் ஆகாது. அளந்து பார்க்குமுன் குற்றம் என்று எழுதுவது, விசாரணைக்குமுன் தீர்ப்பு எழுதுவதை ஒக்கும். அது பற்றவைப்பாளரின் நற்பெயரையும் தேவையின்றிக் கெடுக்கும்.

மறுபுறம், சிறியது என்று எதையும் புறக்கணித்தல் ஆகாது. 1980ஆம் ஆண்டு மார்ச் 27 அன்று, வடகடலில் நார்வேயின் எக்கோஃபிஸ்க் எண்ணெய் வயலில் அலெக்சாண்டர் கீலாண்ட் என்னும் மிதவை மேடை கவிழ்ந்தது. மேடையில் இருந்த 212 பேருள் 123 பேர் மாண்டனர். அதன் ஐந்து கால்களுள் ஒன்றைப் பிணைத்த குழாய்த் தாங்கி முறிந்ததே தொடக்கம். நீரடி ஒலிவாங்கி ஒன்றைப் பொருத்துவதற்காக அத்தாங்கியில் ஓர் உறுப்பைப் பற்றவைத்திருந்தனர். அதனைச் சுற்றியிருந்த 6 மில்லிமீட்டர் முக்கோணப் பற்றிலிருந்து விரிசல் வளர்ந்தது என்று விசாரணை கண்டது. விரிசலின் ஒரு பகுதியில் வண்ணப்பூச்சு படிந்திருந்தது. மேடை கடலுக்குச் செல்லுமுன்பே அவ்விரிசல் இருந்திருக்கிறது. அந்தப் பற்று மேடையின் சுமையைத் தாங்குவதற்கென இடப்பட்டதன்று. ஆயினும் சுமை தாங்கும் குழாயின் உடலோடு அது ஒன்றாகிவிட்டது. பற்றவைத்தபின் இரும்பு, முதன்மை உறுப்பு, துணை உறுப்பு என்று பிரித்துப் பார்ப்பதில்லை.

வகுப்பறைக்குச் சில சொற்கள்

ஆசிரியர்கள் இப்பாடத்தைத் தடித்த அட்டைத் துண்டுகளைக் கொண்டே நடத்தலாம். ஐந்து இணைப்புகளையும் மாணவர் கையால் அமைக்கட்டும். களிமண்ணைப் பற்றாக வைத்துக் குறுக்கே வெட்டி, காலையும் தொண்டையையும் அளக்கட்டும். களிமண்ணின் முகத்தை உட்குழிவாக வழித்துவிட்டு மீண்டும் அளந்தால், கால் மாறாமலே தொண்டை குறைவதைக் காண்பர். காலை மட்டும் அளக்கும் ஆய்வாளர் ஏமாறும் இடம் அதுவே.

நான் இங்குக் கூறிய தமிழ்ச் சொற்களே முடிவானவை என்று வற்புறுத்தவில்லை. ஃபில்லட் என்றே சொல்லும் தொழிலாளரின் சொல்லும் நம் சொல்லே. ஆனால், ஒரு பட்டறையில் ஒரு பொருளுக்கு ஒரு சொல் என்னும் ஒழுங்கு வேண்டும். எண்ணைச் சொல்லும்போதெல்லாம் அது எதன் அளவு என்பதையும் சேர்த்துச் சொல்லும் பழக்கம் வேண்டும். அன்று நான் “தொண்டை ஆறு” என்று இரண்டு சொல் சொல்லியிருந்தால் போதும். ஒரு மனிதரின் ஒரு நாள் உழைப்பு வீணாகியிராது.